ஒரு படி மாங்காய் எத்தனை கிலோ?

கொஞ்சம் நீளமான பதிவு. மாங்காய் சீசன் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஊறுகாய் போடுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். போடாதவர்கள், வீட்டில் போடுகிறவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

2015-ஆம் வருடம், ஆடி பிறப்பதற்கு முன், அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி தோண்டி நாலு கிலோ மாங்காய் ஊறுகாயைப் புதைத்தேன். சாடியின் மேல்பக்கம் முழுக்கப் பூஞ்சை. அம்மா இறந்த பிறகு வந்த முதல் மாங்காய்ப் பருவம் அது. அம்மா எழுதி வைத்த நோட்டைப் பார்த்து, ஒரு வரி பிசகாமல் போட்ட ஊறுகாய். 32 வருடம் பிள்ளைகளுக்கு அலகு மாற்றம் சொல்லிக் கொடுத்த கணக்கு டீச்சர் நான்.

தங்கையிடம் போனில் சொல்லி அழுதேன். "விடுக்கா, அது அம்மா கைப்பக்குவம். நமக்கெல்லாம் வராது" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அம்மாவோடு அந்த ருசியும் போய்விட்டது என்றுதானே அதற்கு அர்த்தம்? அன்றைக்கு ராத்திரி நோட்டை மறுபடி எடுத்தேன். விடைத்தாள் திருத்துவது போலச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

நோட்டில் இருந்தது இதுதான். அம்மாயி சொல்லச் சொல்ல, கல்யாணமான புதிதில், 1950-களில் அம்மா எழுதியது.

மாங்காய் நறுக்கினது 4 படி. கல் உப்பு 3 ஆழாக்கு. மிளகாய்த்தூள் 10 பலம். கடுகு 3 பலம். வெந்தயம் 2 பலம். மஞ்சள்தூள் 5 ரூபாய் எடை. நல்லெண்ணெய் 1 படி.

ஒரே ஊறுகாயில் எத்தனை வகை அளவு பாருங்கள்! இது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பொருளும் வீட்டுக்கு எந்த அளவையில் வந்ததோ, நோட்டிலும் அந்த அளவையிலேயே ஏறியிருக்கிறது. உப்பு விற்கிறவர் படியால் அளந்து போட்டார். எண்ணெய் செக்கிலிருந்து படியில் வந்தது. மிளகாய், கடுகு, வெந்தயம் மளிகைக் கடையில் பலக்கணக்கில் நிறுத்துப் பொட்டலமாக வந்தன. மாங்காய் சொந்த மரத்துக் காய். அதை நிறுக்க வீட்டில் தராசு ஏது? நறுக்கிப் படியில் அளந்தார்கள். ஒரு குறிப்பைப் படித்தால் அந்த வீடு எதை எங்கே வாங்கியது என்பதும் தெரிந்துவிடுகிறது.

நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காகப் பிரித்தார்கள். எடுத்தல் என்றால் தராசில் நிறுப்பது. முகத்தல் என்றால் படியால் அளப்பது. இந்த இரண்டும் வேறு வேறு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. தொல்காப்பியமே 'அளவு' என்று முகத்தலையும் 'நிறை' என்று எடையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பேசுகிறது.

பழத்துக்கு எது? பெரிய பழத்துக்கு எண்ணல்தான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் இதற்கு அழகான சான்று உண்டு. அங்கே பிள்ளையாருக்கு நித்தம் 150 வாழைப்பழம் படைக்க ராஜராஜன் 360 காசு முதல் வைத்தான். காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. ஆக வருட வட்டி 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்று விலை. 45-ஐ 1,200-ஆல் பெருக்குங்கள்: 54,000. அதை வருடத்துக்கு 360 நாள் என்று வகுங்கள்: 150. மிச்சமில்லாமல் வருகிறது! பத்தாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் நான் போடுவேன். அதே கோயிலில் அரிசிக்கும் நெய்க்கும் நாழி, உரி, ஆழாக்கு என்று முகத்தல் அளவை. வாழைப்பழத்துக்கு எண்ணிக்கை.

பலாப்பழத்துக்கு இன்னும் வேடிக்கை. காரிநாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' என்ற பழைய கணித நூலில், பழத்தை வெட்டாமலேயே சுளையை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறார். காம்பை ஒட்டியுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. நானும் பிள்ளைகளும் சில பழங்களில் செய்து பார்த்திருக்கிறோம். சிலவற்றில் பக்கத்தில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஆனால் எத்தனை சுளை கிடைக்கும் என்பது வாங்குகிறவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தால் ஒரு புலவர் அதற்குப் பாட்டே எழுதியிருப்பார்!

சின்னப் பழம் முகத்தலுக்குப் போனது. பள்ளிக்கூட வாசலில் இலந்தைப்பழமும் நாவற்பழமும் ஆழாக்கில்தான் விற்பார்கள். மாவடு படிக்கணக்கு. புளி மட்டும் தராசுக்குப் போனது. மொத்தமாக மணங்கு, சில்லறையாக வீசை. உருட்டி அமுக்கினால் புளி எந்தப் படியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும் என்பது வியாபாரிக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் செய்தது என்ன? 'ஒரு படி என்றால் ஒரு லிட்டர், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ' என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கடைகளில் லிட்டர் அளவையையே 'படி' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகவே மாங்காய் 4 கிலோ. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று, ஆகவே 125 மில்லி. மூன்று ஆழாக்கு உப்பு 375 மில்லி. எண்ணெய் 1 லிட்டர். மஞ்சளுக்குத் தராசில் ஐந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நிறுத்தேன். சிரிக்காதீர்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு அம்மாவின் படி வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது இல்லை. ஆழாக்கு, உழக்கு எல்லாவற்றையும் வீடு மாறும்போது பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். முகக்கிற படியை எடைக்குப் போட்ட குடும்பம் எங்களுடையது! நல்லவேளையாகத் தங்கை வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு பித்தளைப் படி இருந்தது. விசேஷங்களில் நிறைபடி வைப்பதற்காக அவள் வாங்கிப்போனது அது. சமையலறையிலிருந்து போய்விட்ட படி, சடங்குக்காகப் பிழைத்துக் கிடந்தது.

அதில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 1,600 மில்லி பிடித்தது. அதாவது ஒரு லிட்டர் அறுநூறு. ஆழாக்கு 200 மில்லி. முதல் தப்பு அங்கே இருந்தது.

அடுத்து, மாங்காயை ஊறுகாய்க்கு நறுக்குவது போல நறுக்கி, அந்தப் படி நிறையப் போட்டு, தலைதட்டி, எடைபோட்டேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 960 கிராம் வந்தது. பிறகு அதே படியில், துண்டுகளை எடுக்காமல், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 600 மில்லிக்கு மேல் குடித்தது! ஒரு படி மாங்காய் என்று நாம் சொல்வதில் ஐந்தில் இரண்டு பங்கு காற்று. பெரிய துண்டாக நறுக்கினால் ஓர் எடை, சின்னத் துண்டாக நறுக்கினால் வேறோர் எடை. படி பொய் சொல்வதில்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உள்ள இடத்தையும் சேர்த்து அளக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். படி லிட்டரை விட 1.6 மடங்கு பெரியது. ஒரு லிட்டர் மாங்காய்த் துண்டு 0.6 கிலோதான். 1.6-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.96. கிட்டத்தட்ட ஒன்று! அதாவது மாங்காய் விஷயத்தில் என் இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விடை தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் வழிமுறை தப்பாகி விடை சரியாக வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அவர்களுக்குத் தாங்கள் தப்பு செய்ததே தெரியாது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

உப்பில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எங்கள் வீட்டுக் கல் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கிறது. அம்மாவின் மூன்று ஆழாக்கு 600 கிராம். நான் போட்டது 375 கிராம். 100 கிராம் மாங்காய்க்கு அம்மா 15 கிராமுக்குக் குறையாமல் உப்புப் போட்டிருக்கிறாள். நான் 9 கிராம் போட்டேன். எண்ணெயும் 1,600 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 1,000. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்து, கிருமி வளர முடியாத உப்புநீராக மாற்றுகிறது. எண்ணெய் மேலே நின்று காற்றை மறைக்கிறது. இரண்டு காவல்காரர்களையும் நானே பாதியாகக் குறைத்துவிட்டு, பூஞ்சை வந்ததே என்று அழுதேன்.

ரூபாய் எடை தனிக்கதை. வெள்ளைக்காரர் காலத்து ஒரு ரூபாய் வெள்ளி நாணயம் சரியாக ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. எல்லாம் அந்த நாணயத்தின் மேல் கட்டிய மாடி. வீட்டில் தராசு இருந்து படிக்கல் இல்லாவிட்டாலும் ரூபாயைப் போட்டு நிறுக்கலாம். 1962-இல் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம். 1975-இல் 8 கிராம். 1992-இல் வந்த எஃகு ரூபாய் 4.85 கிராம். 2011-இல் வந்தது 3.79 கிராம். அம்மா எழுதிய 5 ரூபாய் எடை மஞ்சள் 58 கிராம். நான் போட்டது 19 கிராம். ரூபாயின் மதிப்பு குறைந்தது எல்லாருக்கும் தெரியும், அதன் எடையும் மூன்றில் ஒன்றாகிவிட்டது எனக்கு ஊறுகாயில்தான் தெரிந்தது.

இந்தக் குழப்பம் எப்போது தொடங்கியது? 1956-இல் எடை அளவைகளுக்கான மத்தியச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958 அக்டோபரில் கிலோகிராம் சில இடங்களில் தொடங்கியது. 1962 ஏப்ரல் முதல் வியாபாரத்தில் நாடு முழுக்கக் கிலோ கட்டாயம். அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்பா சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினார். சட்டைப் பையில் ஒரு மடித்த அட்டை எப்போதும் இருக்கும். பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1,400 கிராம் என்று எழுதியிருக்கும். ராத்திரி சாப்பிடும்போது என்னைக் கேள்வி கேட்பார். நான் கணக்கு டீச்சர் ஆனதற்கு அந்த அட்டைதான் காரணம்.

அந்த மாற்றம் நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன் ஊருக்கு ஒரு படி. நம் பக்கம் சேர் என்றால் 24 தோலா, வடக்கே 80 தோலா. பெயர் ஒன்று, எடை மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அதோடு தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்ற சண்டை வேறு. ஏமாந்தவர்கள் எப்போதும் நெல் போட்ட விவசாயியும் அரிசி வாங்கிய ஏழையும்தான். கிலோ வந்து அதை முடித்து வைத்தது. ஆனால் கடைக்காரருக்குக் கொடுத்த அட்டையை யாரும் சமையலறைக்குக் கொடுக்கவில்லை. கடை ஒரே நாளில் மாறியது. அம்மாவின் நோட்டு மாறவில்லை, அம்மாவின் கையில் அதே படி இருந்தவரை மாற வேண்டிய அவசியமும் இல்லை. 1951-இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அச்சில் வந்தபோதும் நாட்டில் பழைய அளவைகள்தான் இருந்தன. அந்தக் காலத்துப் புத்தகமோ நோட்டோ எதை எடுத்தாலும், அது எந்தப் படியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்காமல் சமைக்கக் கூடாது.

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. அமெரிக்காவில் இன்றும் கப்பில்தான் அளக்கிறார்கள். 1896-இல் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை பாஸ்டனில் எழுதிய புத்தகம், கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்திப் புகழ்பெற்றது. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஒரு அமெரிக்கக் கப் நறுக்கிய மாம்பழம் 165 கிராம் என்று அவர்கள் அட்டவணை சொல்கிறது. அதே கப்பில் தூள் உப்பு 290 கிராமுக்கு மேல் நிற்கும். நாடு எதுவானாலும் கப்பிலிருந்து கிராமுக்குப் போக ஒரே வாய்பாடு கிடையாது. பொருளுக்குப் பொருள் தனி வாய்பாடுதான்.

நம் கணக்கதிகாரம் இதை அன்றே சொல்லிவிட்டது. ஒரு படியில் அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, அரிசி 38,000, எள் 1,15,000 என்று பட்டியல் போடுகிறது. பாத்திரம் ஒன்று, உள்ளே போகிற பொருளைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. இந்தப் பட்டியலை நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் அடுப்பங்கரையில் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் சமையலில் காய் கனியே அளவாகவும் இருக்கிறது. எலுமிச்சை அளவு புளி, நெல்லிக்காய் அளவு புளி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம். படியும் தராசும் இல்லாத இடத்தில் கண்ணே தராசு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்று சந்தையில் வருகிற ஒட்டு நெல்லிக்காய் பழைய எலுமிச்சை அளவுக்கு இருக்கிறது. நாணயம் சிறுத்தது போல நெல்லி பெருத்துவிட்டது. புது மருமகள் அதைப் பார்த்து ரசம் வைத்தால் பல் கூசும், அதற்கு அவளைக் குறை சொல்லக் கூடாது.

2016-இல் மறுபடி போட்டேன். தங்கையின் படி, அம்மாவின் நோட்டு, நான் திருத்திய கணக்கு. அடுத்த சித்திரை வரை ஒரு துளி கெடவில்லை. ஒரு சாடி தங்கைக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் செய்து, "அக்கா, அம்மா வந்துட்டாங்க" என்றாள். அதற்குமேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

கைப்பக்குவம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தக் காய் புளிக்கும், எத்தனை வெயில் போதும் என்பது கையும் கண்ணும் சொல்வதுதான். ஆனால் கைப்பக்குவம் என்று நாம் கைவிட்டுவிடுகிற பலவற்றில், தொலைந்துபோனது கை இல்லை, படி.

என் வீட்டு அளவுகளைக் கீழே தருகிறேன். உங்கள் வீட்டில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பழைய படி: 1,600 மில்லி. உரி (அரைப்படி) 800, உழக்கு (கால்படி) 400, ஆழாக்கு 200 மில்லி.

ஒரு படி ஊறுகாய் மாங்காய்த் துண்டு, தலைதட்டி: சுமார் 960 கிராம். ஒரு ஆழாக்கு: 120 கிராம்.

ஒரு ஆழாக்கு கல் உப்பு: சுமார் 200 கிராம். தூள் உப்பு என்றால் 240 கிராம் வரை போகும். நோட்டில் கல் உப்பு என்றிருந்தால் தூள் உப்பை அதே ஆழாக்கில் போடாதீர்கள், கரிக்கும். எடையில் போடுங்கள்.

பலம் 35 கிராம். பழைய ரூபாய் எடை ஏறத்தாழ 12 கிராம்.

எலுமிச்சை அளவு புளி, கொட்டை நீக்கியது: எங்கள் வீட்டில் 30 கிராம். நெல்லிக்காய் அளவு: 15 கிராம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய படியோ ஆழாக்கோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அளந்து, அம்மாவின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அம்மா இருக்கிறவர்கள் இன்னும் நல்லதாக ஒன்று செய்யலாம். அவர்கள் அடுத்த தடவை ஊறுகாய் போடும்போது பக்கத்தில் ஒரு தராசோடு உட்காருங்கள். "எதுக்குடி இதெல்லாம்?" என்று திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டே எழுதுங்கள்.